மூக்குள்ள நாய்

எங்கள் தெருவில் முப்பத்தெட்டு நாய்கள் இருக்கின்றன. ஒன்றுக்கும் மூக்கு கிடையாது.

முகத்தின் முன்னால் கறுப்பாக, ஈரமாக ஒன்று இருக்கும்தான். ஆனால் அது வெறும் அலங்காரம். காலை ஆறரை மணிக்கு இந்த நாய்கள் நடைப்பயிற்சி போவதைப் பார்க்க வேண்டும். விளக்குக் கம்பத்தைக் கண்டால் நிற்காது. இன்னொரு நாயைக் கண்டால் பின்பக்கம் போகாது. வங்கி மேலாளர்கள் இருவர் எதிரெதிரே வந்ததுபோல லேசாகத் தலையசைத்துவிட்டு நகர்ந்துவிடும். எல்லாம் பண்ணையில் வாங்கியவை. நிறம், உயரம், காது மடிப்பு எல்லாம் குறித்துக் கொடுத்தால் பத்து வாரத்தில் குட்டி வீட்டு வாசலுக்கு வந்துவிடும். கருவிலேயே மரபணுவைத் திருத்தி மோப்பத்தை அணைத்துவிடுவார்கள். ‘மூக்கடங்கிய ரகம், குடும்பத்துக்கு ஏற்றது’ என்று விளம்பரத்தில் போட்டிருக்கும்.

குடும்பத்துக்கு ஏன் ஏற்றது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இருபது வருடங்களுக்கு முன்னால் மோப்பவாசிப்பான் வந்தது. நாயின் கழுத்தில் கட்டுகிற ஒரு பட்டை. நாய் எதை முகர்கிறதோ அதை இரண்டு மூன்று வார்த்தைகளில் உரக்கச் சொல்லும். உடனே நல்ல மனசுக்காரர்கள் சிலர் ஒன்றுகூடி, இது நாயின் பேச்சு, அதை அடக்குவது பாவம் என்று வாதாடி, விலங்குச் சொல்லுரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். மூக்குள்ள நாய் ஒவ்வொன்றும் பட்டை கட்டியிருக்க வேண்டும். அதை அணைத்தாலோ ஒலியைக் குறைத்தாலோ குற்றம். சட்டம் நிறைவேறிய அன்று ஈரோடே கைதட்டியது. அடுத்த வாரமே அதே ஈரோடு நாய்களை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்ப் பேருந்துப் பணிமனை வாசலில் இறக்கிவிட்டு வந்தது. யார் எங்கே போய்விட்டு வந்தார், என்ன குடித்துவிட்டு வந்தார் என்று நாலு பேர் முன்னால் சொல்கிற பிராணியை எந்த வீட்டில் வைத்துக்கொள்வார்கள்?

நானும் வைத்துக்கொள்வதாக இல்லை. எனக்குப் பொன்னிறத்தில், அடக்கமான பண்ணைக்குட்டி ஒன்றுதான் வேண்டியிருந்தது. என் மனைவி மங்கையர்க்கரசி ஒத்துக்கொள்ளவில்லை. அவள் அந்தப் பணிமனையின் கண்காணிப்பாளர். வாரத்துக்கு நாலைந்து நாய்களாவது அவள் அலுவலக வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டு, போகிற வருகிற நடத்துனர்களைப் பற்றி உண்மை பேசிக்கொண்டிருக்கும். காசு கொடுத்துக் குட்டி செய்து வாங்க வேண்டாம், இருக்கிற நாய்க்கு ஒரு வீடு கொடுப்போம் என்றாள். நியாயமான பேச்சு. மறுத்துச் சொல்ல என்னிடம் ஒரு காரணம் இருந்தது, ஆனால் அதை வெளியே சொல்ல முடியாது.

காரணம் இதுதான். நான், நாச்சிமுத்து, ஒரு மசாலாத்தூள் கம்பெனியின் தலைமை மணச் சோதகர். ஒவ்வொரு கலவையும் என் மூக்கைத் தாண்டித்தான் பொட்டலத்துக்குள் போகும். அந்த மூக்கு நாலு வருடங்களாக வேலை செய்யவில்லை. இரண்டாயிரத்து எழுபத்தேழாம் வருடத்துக் காய்ச்சலில் போனது. ஒரு வாரத்தில் திரும்பிவிடும் என்று யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். பிறகு ஒரு மாதம் பார்ப்போம் என்று இருந்தேன். ஒரு வருடம் கழித்து, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் என்ன சொல்வது என்று தெரியாமல் சொல்லாமலே இருந்துவிட்டேன். கம்பெனியில் மணத்தை அளக்கும் கருவி ஒன்று மதிப்பெண் காட்டும். நான் கிண்ணத்தைத் தூக்கிப் பிடித்து, கண்ணை மூடி, நெஞ்சு நிறைய இழுத்து, ‘ம்’ என்று சொல்லிக் கையெழுத்துப் போடுவேன். புதிதாகச் சேர்ந்தவர்கள் அதைப் பார்த்து மெய்சிலிர்ப்பார்கள்.

வீட்டில் இன்னும் சிக்கல். எங்கள் வீட்டில் சமையல் என்னுடையது. பெண் பார்க்கப் போனபோது உள்ளே கொதித்த ரசத்தை வாசலிலிருந்தே முகர்ந்து, சீரகம் ஒரு சிட்டிகை கூடிவிட்டது என்று சொன்னவன் நான். அந்த அதிகப்பிரசங்கித்தனத்துக்காகத்தான் என்னைப் பிடித்தது என்று அரசி ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாள். அந்த மூக்கு போய்விட்டது என்று அவளிடம் எப்படிச் சொல்வது? பழைய அளவுகளை நினைவில் வைத்துக்கொண்டு, ஒரு குருடன் வீட்டுக்குள் நடப்பதுபோல நாலு வருடமாகச் சமைத்துக்கொண்டிருந்தேன். அவளும் தினமும் சாப்பாட்டு டப்பாவைக் காலியாகத்தான் கொண்டுவந்தாள்.

சென்னிமலைச் சாலையில் இருக்கிற மீட்பகத்துக்குப் போனோம். பொறுப்பாளர் நிறைமதி முப்பது வயதுப் பெண். கையெல்லாம் கீறல், முகமெல்லாம் சிரிப்பு. முறுக்கு என்ற நாயைக் கூட்டிவந்தாள். எட்டு வயது, செம்மண் நிறம், வால் மட்டும் எண்ணெய்ச் சட்டியிலிருந்து எடுத்ததுபோல இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. ஐந்து வீடுகள் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டன. காரணங்களை நிறைமதி கோப்பைப் பார்த்து வாசித்தாள். முதல் வீட்டில் சர்க்கரை நோய்க்காரர் ஒருவரின் சட்டைப் பையைப் பார்த்து ‘ஜிலேபி’ என்று சொல்லியிருக்கிறது. இரண்டாவது சுத்த சைவக் குடும்பம். அங்கே இளைய மகனின் விரலை முகர்ந்துவிட்டு, மருமகள் வீட்டார் முன்னிலையில் ‘ஆட்டுக்கால்’ என்றிருக்கிறது. ஒரு கல்யாணத் தரகர் தன் தொழிலே போயிற்று என்று எழுதிக் கொடுத்திருந்தார். மற்ற இரண்டையும் நிறைமதி வாசிக்கவில்லை, சிரித்துக்கொண்டே பக்கத்தைத் திருப்பிவிட்டாள்.

பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு விதியைச் சொன்னாள். பதினைந்து நாள் வைத்துப் பார்க்கலாம். பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம். ஆனால் ஆறாவது முறை திரும்பிவந்த நாயை மூக்கோடு வைத்திருக்க அரசாங்கம் இடம் தராது. மூக்கடக்கம் செய்துவிடுவார்கள். ஐந்து நிமிட வேலை. பட்டையும் கழன்றுவிடும். அப்புறம் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்வார்கள்.

முறுக்கு என் முழங்காலை முகர்ந்தது. பட்டை அறிவித்தது: “மஞ்சள். மிளகாய். பயம்.”

அரசி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நாய் என்றாலே எனக்குக் கொஞ்சம் கூச்சம் என்று சொல்லிச் சமாளித்தேன். அவள் அன்றே கையெழுத்துப் போட்டு அதைக் கூட்டிவந்துவிட்டாள்.

முதல் மூன்று நாட்கள் வெளியாட்களோடு போயின. முறுக்கு நிற்கும் மின்தூக்கியில் எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளர் லோகநாதன் ஏறினால், மற்றவர்கள் ஏதோ ஆவலோடு கூடவே ஏற ஆரம்பித்தார்கள். மாடியில் புகைபிடிக்கத் தடை என்று தீர்மானம் போட்டவர் அவர். முறுக்கு அவருடைய வேட்டியை முகர்ந்து, “பீடி. மாடித் தூசி” என்றது. அதற்குப் பிறகு அவர் ஆறு மாடியும் படியில்தான் ஏறினார், உடம்புக்கு நல்லது என்றும் சொல்லிக்கொண்டார்.

நாலாம் நாள் என் முறை வந்தது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். முறுக்கு சமையலறை வாசலில் வந்து நின்று, “பால். அடி தீய்கிறது” என்றது. கூடத்தில் இருந்த அரசி, பக்கத்தில் நிற்கிற உங்களுக்குத் தெரியவில்லையா என்று கேட்டாள். பால்கோவாவுக்காக வேண்டுமென்றேதான் விட்டேன் என்றேன். வேறு வழியில்லாமல் அன்றைக்குப் பால்கோவா கிண்டவும் வேண்டியதாயிற்று.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். விடிகாலையில் அரசி எழுவதற்கு முன்னால் நானும் முறுக்கும் மட்டும் சமையலறையில் இருப்போம். கடுகு தாளித்தால் அது ஒன்று சொல்லும், கறிவேப்பிலை போட்டால் ஒன்று சொல்லும். பெருங்காயத்துக்கு மட்டும் ஒன்றும் சொல்லாமல் தும்மும். நாலு வருடமாகச் சத்தமில்லாமல் கிடந்த சட்டியிலிருந்து திரும்பவும் ஒவ்வொன்றாகப் பேர் கேட்டது. எனக்கு அதைப் பிடிக்கத் தொடங்கிவிட்டது. அப்படியே விட்டிருந்தால் பதினைந்து நாளும் சுமுகமாக ஓடியிருக்கும்.

பன்னிரண்டாம் நாள் அரசி வேலை முடிந்து வந்து சோபாவில் உட்கார்ந்தாள். முறுக்கு அவள் கையை நக்கிவிட்டு, “பரோட்டா. சால்னா. நேற்றும்” என்றது. கொஞ்சம் யோசித்துவிட்டு டப்பாவையும் முகர்ந்தது. “சாம்பார். கழுவுதொட்டி.”

டப்பா தினமும் காலியாக வந்ததன் மர்மம் அன்றுதான் எனக்கு விளங்கியது. ரோஷம் மண்டைக்கு ஏறியது. விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்து சமைக்கிறவன் நான். பிடிக்கவில்லை என்றால் சொல்ல வாய் இல்லையா என்று கேட்டேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சொன்னால் நீங்கள் தாங்கமாட்டீர்கள் என்றாள். அந்த வார்த்தை இன்னும் சுட்டது. அவள் மேல் இருந்த கோபத்தை அவளிடம் காட்ட முடியாமல் நாய் மேல் காட்டினேன். மறுநாள் காலையில் மீட்பகத்துக்கு அழைத்து, வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டேன். மூக்கடக்கம் செய்தால் அதற்கும் ஒரு நல்ல வீடு கிடைக்கும், நமக்கும் நிம்மதி என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அவள் இத்தோடு நிறுத்துவாளா? சமையல் ஏன் கெட்டது என்று அடுத்ததாகக் கேட்பாள். நாய் போனால் அந்தப் பேச்சும் போய்விடும்.

சனிக்கிழமை காலை நிறைமதி வண்டியோடு வந்தாள். சாப்பாட்டு மேசையில் படிவத்தை விரித்தாள். திருப்பித் தரும் காரணம் என்ற இடத்தில், ‘குடும்ப அமைதி’ என்று எழுதினேன். அவள் அதைப் படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள். தரகரைத் தவிர மற்ற நாலு வீட்டிலும் படிவத்தில் அதையேதான் எழுதியிருந்தார்களாம். முறுக்கு மேசைக்கடியில் என் காலில் தலையை வைத்துப் படுத்திருந்தது.

அரசி பேனாவை வாங்கிக்கொண்டு, கையெழுத்துப் போடாமல் கேட்டாள்: “மூக்கை அடக்கினதுக்கு அப்புறம் இது எப்படிங்க இருக்கும்?”

“வலியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க அக்கா. நாலஞ்சு நாள் சோத்தைத் தள்ளிரும். ஆளு யாருன்னு தெரியாம முழிக்கும். அப்புறம் பழகிக்குமுங்க.”

“பழகாது” என்றேன்.

அதைச் சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. வாய் சொல்லிவிட்டது. ஆரம்பித்த பிறகு நிறுத்தவும் தெரியவில்லை.

“பசிக்குமல்ல, அதனால திங்கும். என்ன திங்கறோம்னு தெரியாது. மழை வந்தாக் காதுலதான் கேட்கும், மண்ணுல இருந்து ஒண்ணும் வராது. வீட்டுக்குள்ள நுழைஞ்சா இது நம்ம வீடுன்னு கண்ணு சொல்லும், மத்த ஒண்ணும் சொல்லாது. ஒரு சேலையை மடிச்சு வெக்கறப்ப, கடையில இருக்கற சேலைக்கும் அதுக்கும் வித்தியாசமே இருக்காது. நாலு வருசம் ஆனாலும் பழகாது. அதுக்கு அதைச் செய்யாதீங்க.”

நிறைமதி, நாய் எங்கே சேலை மடிக்கிறது என்று கேட்க நினைத்து நிறுத்திக்கொண்டதுபோல இருந்தது. அரசி பேனாவை மெதுவாகக் கீழே வைத்தாள்.

“காய்ச்சலுக்கு அப்புறமா?” என்று கேட்டாள்.

தலையாட்டினேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். கோபம்தான் முதலில் வந்தது.

“நாலு வருசமா ரசத்துல ஒரு உசுரு இல்ல. என் மேல அக்கறை போயிருச்சுன்னு நெனச்சேன். வேற எங்கயோ மனசு வெச்சுட்டீங்கன்னு நெனச்சேன். பொறவு எதுக்குங்க நான் மூக்குள்ள நாய்தான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னேன்? உங்க சட்டையை மோந்து பாத்துச் சொல்லட்டும்னுதான். பன்னெண்டு நாளா இது மஞ்சள், மிளகாயைத் தவிர ஒண்ணும் சொல்லல.”

நாய்களுக்காக அவள் மனசு இரங்கியதும் உண்மைதான், அதைப் பிறகு சொன்னாள். ஆனால் என்னைச் சோதிக்கத்தான் ஒரு நாய் வீட்டுக்குள் வந்திருக்கிறது, நானோ அது பாலைப் பற்றிச் சொல்லிவிடுமோ என்று பயந்துகொண்டிருந்திருக்கிறேன். ஒரு மூக்கு போனதைச் சொல்ல வெட்கப்பட்டு, நாலு வருடம் அவளை இப்படி நினைக்க விட்டிருக்கிறேன் என்பதுதான் தாங்க முடியவில்லை. சிரிக்கவும் வந்தது, அழவும் வந்தது. மேசைக்கடியிலிருந்து பட்டை, “கண்ணீர். ரெண்டு ஆள்” என்றது. நிறைமதி, மூணு ஆள் என்று திருத்திவிட்டுப் படிவத்தை நாலாகக் கிழித்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

அவள் போன பிறகு, திங்கட்கிழமை கம்பெனியிலும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தோம். என்னை வைத்துக்கொள்வார்களா என்று தெரியாது. கருவி தனியாகவே நன்றாக வேலை செய்கிறது என்று இத்தனை நாள் எனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

அரசி எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள். “அப்போ என்னையும் தெரியாதுங்களா?” என்று கேட்டாள். “எம் பக்கத்துல படுத்திருக்கறப்பகூட?”

தெரியாது என்றேன்.

அவள் தரையில் உட்கார்ந்து, முடியை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு, முறுக்கின் முகத்தருகே சாய்ந்தாள். அது அவசரமே படாமல் முகர்ந்தது. காதுக்குப் பின்னால், கழுத்தில், முன்கையில். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“தேங்காயெண்ணெய்” என்றது பட்டை. “வேர்வை. இரும்பு. தலையில் அரப்பு.” முறுக்கு இன்னொரு முறை நெடுக மூச்சை இழுப்பது கேட்டது. பிறகு, “அரசி” என்றது.