வில்லாளியின் அடையாளம்

நெடுங்கல் கோட்டை வீழ்ந்த அன்று அந்தி வேளையில், பெண்ணையாற்றை நோக்கிய அதன் நீர்வாயிலில் இருந்தவர்கள் இவர்கள்: வென்ற அரசரின் தூதன் விடங்கன், அவ்வரசரின் ஆணைப்படி வாயிலைக் காத்த யானைப்பாகர் தலைவன் மல்லன், தோற்ற குறுநில மன்னரின் மகள் காரிநங்கை, பஞ்சு அடிக்கும் சாத்தன், பின்னால், மூட்டை முடிச்சுகளோடு ஊர்மக்கள். ஆற்றின்மேல் எழுந்த நிலா அலைதோறும் வெள்ளியை உருக்கி வார்த்துக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கும் மனநிலையில் அங்கே ஒருவரும் இல்லை, வாசகர்களே.

அரசாணை சுருக்கமானது: 'கோட்டைக்குள் காணப்படும் வில்லாளர் அனைவரையும் சிறையிடுக. ஏனையோர் ஆற்றைக் கடந்து போகலாம்.' வடகோபுரத்திலிருந்து வந்த அம்பு ஒன்று அரசரின் தம்பியைக் கொன்றிருந்தது. சிறைப்பட்டவர்களுக்கு விடிந்ததும் தீர்ப்பு. வில்லாளியை எப்படி அறிவது என்று வில்லையே தொட்டறியாத பாகர்கள் கேட்டபோது, "கை காய்த்திருக்கும்" என்று விடங்கன் போகிற போக்கில் சொல்லிவிட்டான். அவனே தேர்ந்த வில்லாளி. தனக்குத் தெரிந்தது ஊருக்கெல்லாம் தெரியும் என்று எண்ணினான். அதன் பலன், சாத்தன் பிடிபட்டான்.

"ஐயா, இது தலையணை செய்த கை. தலை எடுத்த கை அல்ல," என்றான் சாத்தன்.

"காய்த்திருக்கிறதே," என்றான் மல்லன்.

"அங்குசம் பிடித்து உமது கையும்தான் காய்த்திருக்கிறது, மல்லரே," என்றாள் காரிநங்கை. "உம்மையும் உள்ளே தள்ளலாமா?"

பாகர்கள் சிரித்தார்கள். மல்லன் சிரிக்கவில்லை. "எனக்கு விளங்கும்படி சொல்லுங்கள், அம்மணி. அவனை விட்டுவிடுகிறேன்."

அவள் ஒரு கணம் ஆற்றைப் பார்த்தாள். பிறகு இடக்கை வளைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். அவ்வளைகளின் ஓசைக்காகவே, போருக்கு முன் நடந்த சமாதானப் பேச்சை நாள்கணக்கில் நீட்டியவன் விடங்கன்.

"பஞ்சடிப்பவரிடமும் ஒரு வில் உண்டு. ஆனால் அவர் அதன் நாணை இழுப்பதில்லை, கட்டையால் தட்டுவார். காய்ப்பு வலது உள்ளங்கையில் இருக்கும். வில்லாளி நாணை இழுத்து விடுவார். விட்ட நாண் இடது முன்கையின் உட்புறத்தில் அறையும். சொன்னால் விளங்காது. இதோ, பாரும்."

சவுக்கடி பட்டதுபோல் கறுத்த தழும்பு. வடகோபுரத்தில் நின்றது யார் என்பது விடங்கனுக்குப் புரிந்தது.

"இப்போது விளங்குகிறது, அம்மணி," என்றான் மல்லன் வருத்தத்தோடு. பிடித்திருந்த சாத்தனின் கையை விட்டான். சாத்தன் நகரவில்லை.

"போம். உம் பிள்ளைகள் படகில் காத்திருக்கிறார்கள்," என்று சொல்லிவிட்டு அவள் வாயிலை ஒட்டிய சிறைக்குள் நடந்தாள்.

விடங்கன் தன் இடது முன்கையில் கட்டியிருந்த தோல் காப்பை அவிழ்த்தான். "மல்லா, இது என்ன?"

"தழும்பு."

"நான் நிற்பது எங்கே?"

"கோட்டைக்குள். ஐயா, வேண்டாம். ஆணை பகைவருக்கு."

"அப்படி எழுதியிருக்கிறதா? விடியலில் இவருக்கு என்ன தீர்ப்போ அதுவே எனக்கும் என்று அரசரிடம் போய்ச் சொல்."

"தூதரே, உமக்குப் பித்தா?" என்றது உள்ளிருந்து அவள் குரல்.

"விளக்கம் தந்தது தாங்கள், நங்கையாரே," என்று தலைகுனிந்து நுழைந்தான் விடங்கன்.

மல்லன் வெகுநேரம் நின்றான். பிறகு, ஆணையை மீறத் தெரியாத அந்த மனிதன் கதவைச் சாத்திப் பூட்டினான்.