அறிமுகக் குறிப்பில் ஆறு வருஷம்

"இந்த ஆளு பொறந்ததே முப்பது வயசுலதான் போலிருக்கு அண்ணி!"

போனில் சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொண்டாள். லிஃப்டுக்குள் அவளும், மழையில் தொப்பலாக நனைந்த ஒருவனும் மட்டும்தான்.

"பொருளாதார ஆலோசனை கம்பெனி அண்ணி. நாலு பார்ட்னர். எங்க படிச்சாங்க, எங்க வேலை பார்த்தாங்கன்னு ஆளுக்கு ஒரு பக்கம் எழுதித் தரணும். மூணு பேர் கதை பள்ளிக்கூடத்துலேருந்தே இருக்கு. நாலாவது ஆளு இருக்காரே... வானத்துலேருந்து நேரா ஆபீஸ் நாற்காலியில குதிச்சிருக்காரு! சரியான அழுத்தக்காரனா இருப்பான்..."

லிஃப்ட் நின்றது. நனைந்தவன் வெளியே கால் வைத்துத் திரும்பினான்.

"முப்பது இல்லீங்க. இருபத்தொன்பது. அழுத்தக்காரன்கிறது சரிதான். பதினோரு மணிக்கு நம்ம மீட்டிங், உள்ள வாங்க."

ஐயோ... பூமி பிளக்கவில்லை. பத்தாவது மாடியில் எங்கே பிளப்பது? நிமிர்ந்து பார்த்தாள். இமைகளில் இன்னும் மழை. அந்தக் கண்களில் கோபம் இல்லை. சிரிப்பு ஒன்று, வரலாமா வேண்டாமா என்று வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது.

அவளுக்கு அங்கே ஒரு மாத வேலை. முதல் பார்ட்னர் மத்திய வங்கியில் இருந்தவர். இரண்டாமவர் பேராசிரியர். மூன்றாமவர் வரித்துறை அதிகாரியாக இருந்த அம்மாள்; ஆபீஸ் முழுக்க அவரைப் 'பெரியம்மா' என்றுதான் கூப்பிட்டது. பெரியம்மா முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டார்.

"நாங்க நாலு பேரும் கோர்ட்ல நிபுணர் சாட்சி சொல்றவங்க. எதிர்த்தரப்பு வக்கீல் இந்தப் பக்கத்தைக் கையில வெச்சுக்கிட்டு வரிக்கு வரி பிடிச்சு உலுக்குவான். அதனால ஒவ்வொரு வரியும் கோர்ட்ல நிக்கணும். அவங்கவங்க கையெழுத்துப் போடாம ஒரு பக்கமும் வெளிய போகக்கூடாது. புரியுதாம்மா?"

புரிந்தது. ஒவ்வொரு குறிப்பும் ஒரே மாதிரிதான் முடியும்: 'மனைவி, இரு மகள்களுடன் வசிக்கிறார்.' 'கணவருடன் வசிக்கிறார்.' நாலாமவரிடம் அந்தக் கடைசி வரியைக் கேட்டபோது அவன் ஜன்னல் பக்கம் பார்த்தான்.

"அதை விட்டுடுங்க."

"சரி சார். படிப்புக்கு நடுவுல, இருபதுலேருந்து இருபத்தாறு வரைக்கும்?"

"அதையும்."

விட்டுவிட்டாள். ஆனால் மனசு விட்டால்தானே! மதியச் சாப்பாட்டு அறையில் அவன் தினமும் சுவரைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்து தனியாகச் சாப்பிடுவான். டப்பாவை மூடும்போதுகூடச் சத்தம் வராமல் மூடுவான். அவளுக்கு அந்தச் சத்தமின்மை தெரியும். அண்ணன் வீட்டில் இஸ்திரி மேசை போட்ட அறைதான் அவள் அறை. முப்பத்து மூன்று வயது. ஊரார் வாழ்க்கையை எல்லாம் கேட்டுக் கேட்டு எழுதுகிறவளிடம், நீ எப்படி இருக்கே என்று யாரும் கேட்டு வருஷக்கணக்காகிறது. அண்ணி நல்லவள்தான், ஆனால் அவளுக்கு மூச்சு விடவே நேரம் கிடையாது.

நாலாம் நாள் துணிந்து அவன் எதிரே போய் உட்கார்ந்தாள்.

"சுவர் என்ன சார் சொல்லுது?"

"உங்கள மாதிரி தொணதொணன்னு கேள்வி கேக்காது."

"பதில் சொல்ற வரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன்."

"அப்போ சாயந்திரம் வரைக்கும் உக்காருங்க. எனக்கும் பேச்சுத்துணை ஆச்சு."

சொல்லிவிட்டு அவனே திடுக்கிட்டதைப் பார்த்தாள். உள்ளே கிடந்தது வாய்தவறி வந்துவிட்டது போல.

அடுத்த வாரம் அவனாகவே சொன்னான். அப்பா திடீரென்று போய்விட்டார். தங்கை பள்ளிக்கூடத்தில். படிப்பைப் பாதியில் விட்டு, ஆற்றைக் கடக்கும் படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கும் வேலைக்குப் போனான். ஆறு வருஷம். அப்புறம்தான் மறுபடி கல்லூரி.

"கூண்டு மாதிரி ஒரு அறை. கை மட்டும் போற ஓட்டை. 'ஒண்ணா, ரெண்டா?' நாள் முழுக்க இதே கேள்விதான். ஒரு நாள் கணக்குப் பண்ணிப் பார்த்தேன்... என்கிட்ட யாருமே அதைக் கேட்டதில்ல." சிரிக்க முயன்றான். "பன்னிரண்டு வருஷமா அந்தத் துறைப் பக்கமே போகல. இது எழுதறதுக்கு இல்லீங்க. உங்களுக்கு மட்டும்."

"சத்தியமா எழுதமாட்டேன்."

எழுதினாள். வேறு யாருக்கும் இல்லை, தனக்காக. அந்த ஆறு வருஷத்தை விட்டுவிட்டு எழுதிய குறிப்பு, அவனே இல்லாத மாதிரி இருந்தது. அதனால் வீட்டில் இன்னொரு பக்கம் எழுதி, அதை எடுத்து எடுத்துப் படித்துக்கொண்டாள். பைத்தியக்காரி! அதையும் ஆபீஸ் கோப்பிலேயே வைத்திருந்தாள்.

அவன் சாட்சி சொல்ல வேண்டிய பஸ் கட்டண வழக்கு சொன்ன தேதிக்கு முன்னாலேயே விசாரணைக்கு வந்தது. "நாலாமவர் குறிப்பு உடனே வேணும்" என்று கோர்ட்டிலிருந்து போன். அவசரத்தில் உருவி அனுப்பினாள். பத்து நிமிஷம் கழித்துக் கோப்பைத் திறந்தால், கையெழுத்துப் போட்ட பக்கம் அங்கேயே பத்திரமாக இருந்தது.

போன் மேல் போன் போட்டாள். யாரும் எடுக்கவில்லை.

மாலையில் அவன் வந்தான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"எல்லார் முன்னாடியும் அந்த வக்கீல் சத்தமா படிச்சான். 'டிக்கெட் கிழிச்சவர்தானா நீங்க?'ன்னு கேட்டான். கோர்ட்டே சிரிச்சுது." குரல் உயரவே இல்லை. "உங்ககிட்ட மட்டும்தாங்க சொன்னேன்."

அவள் வாயைத் திறப்பதற்குள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டான். மறுநாள் மன்னிப்புக் கடிதம் ஒன்றை அவன் மேசையில் வைத்துவிட்டு, மீதி நாள் சம்பளம்கூட வேண்டாம் என்று பெரியம்மாவிடம் சொல்லிவிட்டு வெளியேறினாள். அவன் கூப்பிடவில்லை. அவளும் கூப்பிடவில்லை. எந்த முகத்தோடு கூப்பிடுவது?

மூன்று வாரம். அண்ணி கேட்டாள், "என்னடி, பேயறைஞ்ச மாதிரி இருக்கே?"

"ஒண்ணுமில்ல அண்ணி. தலைவலி."

இஸ்திரி மேசைக்குப் பக்கத்தில் படுத்துச் சத்தம் வராமல் அழுதாள். அவனை அவ்வளவு பிடித்திருந்தது. பிடித்திருந்ததால்தான் எழுதினாள், எழுதியதால்தான் தொலைத்தாள். இதை யாரிடம் போய்ச் சொல்வாள்?

ஒரு சனிக்கிழமை, காரணமே இல்லாமல் படகுத்துறைக்குப் போனாள். இல்லை, காரணம் இருந்தது. அவன் ஆறு வருஷம் உட்கார்ந்த அந்தக் கூண்டை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்... அவ்வளவுதான்.

மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையின் கீழ் வரிசை. அவள் முறை வந்தது. ஓட்டைக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் அலுப்போடு கேட்டது.

"ஒண்ணா, ரெண்டா?"

"ஒண்..."

"ரெண்டு," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

திரும்பவே பயமாக இருந்தது. திரும்பினாள். அதே தொப்பல் சட்டை. அதே கண்கள். இந்தத் தடவை சிரிப்பு வாசலைத் தாண்டியிருந்தது.

"நீங்க... இங்க வர்றதே இல்லன்னீங்களே?"

"மூணு வாரமா ஒவ்வொரு சனிக்கிழமையும் வர்றேன். முதல் தடவை வரிசை வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டேன். இப்போ பழகிடுச்சு."

படகில் ஓரமாக உட்கார்ந்தார்கள். சாரல் அடித்தது.

"அன்னிக்கு மிச்சக் கதையை நான் சொல்லல. கோபத்துல இருந்தேன்," என்றான். "அந்த வக்கீல் விடல. 'கட்டணம் ஏறினா எத்தனை பேர் வரமாட்டாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?'னான். 'டிக்கெட் விலை ஏறின அன்னிக்கு, கையில இருந்ததை எண்ணிப் பார்த்துட்டு வரிசையை விட்டுத் திரும்பிப் போனவங்க முகத்தை ஆறு வருஷம் பார்த்திருக்கேன்'னேன். அப்புறம் யாரும் சிரிக்கல. ஜெயிப்போமா தோப்போமா, தெரியாது. ஆனா வீட்டுக்குப் போய் உங்க பக்கத்தைப் படிச்சேன்... என்னை இவ்வளவு அக்கறையா யாரும் பார்த்ததில்லீங்க. வீம்பு பிடிச்சு மூணு வாரத்தை வீணாக்கிட்டேன்."

"தப்பு என்னுதுதான் சார். சத்தியம் பண்ணிட்டு..."

"தப்புதான். பெரிய தப்பு." சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்தான். அதற்குள் அவள் எழுதிய அதே பக்கம். கீழே அவன் கையெழுத்து. அதற்கு மேலே, விட்டுவிடச் சொன்ன கடைசி வரி, அவன் பேனாவில்:

'தனியாக வசிக்கிறார். விரும்பி அல்ல.'

எழுத்துகள் மங்கின. மழையா, கண்ணா, அவளுக்கே தெரியவில்லை.

"ஒரு வரியும் விடாம எழுதிட்டேன். சரியான்னு பாருங்க," என்றான்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பெரியம்மாவின் கறாரை வரவழைத்துக்கொண்டாள்.

"எல்லாம் சரி சார். இந்தக் கடைசி வரி மட்டும் கோர்ட்ல நிக்காது."

அவன் முகம் விழுந்தது. "ஏன்? உண்மையத்தானே எழுதியிருக்கேன்?"

"இன்னிக்கு உண்மைதான்..." தயங்கி, அவன் நனைந்த விரல்கள் மேல் தன் கையை வைத்தாள். "எங்க அண்ணன்கிட்ட வந்து பேசினீங்கன்னா, மாத்தி எழுத வேண்டியிருக்குமே."