ஒன்பதாவது வெடி

குவாரியில் வேலைநிறுத்தம் தொடங்கிப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. கம்ப்ரசர் ஓடவில்லை, லாரி வரவில்லை, வெடி வைக்க ஆளும் இல்லை, மருந்தும் இல்லை. ஆனாலும் அன்று சாயங்காலம் ஐந்தரை மணிக்கு, கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்த அங்கமுத்து தலையை ஒருபக்கமாகச் சாய்த்து எதையோ கேட்டார். பிறகு வலது கையின் கட்டை விரலை மடக்கினார்.

அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்த மலர்க்கொடி அதைப் பார்த்தாள். கொஞ்சம் பொறுத்து ஆள்காட்டி விரல். இன்னும் கொஞ்சம் பொறுத்து நடு விரல். வலது கை முடிந்து இடது கைக்கு மாறி, அதிலும் மூன்று விரல் மடங்கியது. எட்டு. அதற்குமேல் அவர் மடக்கவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தார்.

முப்பது வருஷம் அந்தச் சுண்ணாம்புக்கல் குவாரியில் வெடி வைத்தவர் அவளுடைய மாமனார். குழிக்கு ஒரு திரி என்று வைத்துக் கொளுத்தினால் வெடிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். வைத்தவர் மேட்டில் நின்று எண்ண வேண்டும். ஒன்பது குழி வைத்தால் ஒன்பது சத்தம் கேட்க வேண்டும். ஒன்று குறைந்தால், வெடிக்காத மருந்து பாறைக்குள்ளே உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். அரை மணி நேரம் யாரும் பள்ளத்தில் இறங்கக் கூடாது. கணக்குச் சரியாக வந்தால்தான் பச்சைக் கொடி காட்டுவார்கள்.

மறதி நோய் வந்து இரண்டு வருஷத்தில் அங்கமுத்துவிடம் மிச்சமிருந்தது அந்த எண்ணிக்கை ஒன்றுதான். தின்ற சோறு மறந்துவிடும், கொல்லைக்குப் போகும் வழி மறந்துவிடும், மலர்க்கொடியின் பெயர் எப்போதோ போய்விட்டது. ஆனால் தினமும் சாயங்காலம் தூரத்தில் வெடிச்சத்தம் கேட்டதும் விரல்கள் தாமாக மடங்கும். ஒரு நாளும் தப்பியதில்லை.

ஆனால் இன்றைக்கு எந்தச் சத்தமும் இல்லை.

பழக்கதோஷம் என்று அவள் விட்டுவிட்டாள். அவரைப் பற்றி நினைக்கவே அவளுக்கு அலுப்பாக இருந்தது. குவாரி ஆபீசில் தண்ணீர் எடுத்துவைக்கும் வேலை அவளுக்கு. அதுவும் நின்றுபோனதால் பகல் முழுக்க அவரோடு ஒரே ஓட்டுக் கூரையின் கீழ் அடைந்து கிடந்தாள். மூத்திர நெடி, பழைய போர்வையின் புழுங்கல் நாற்றம், ஈரச் சுண்ணாம்புச் சுவரிலிருந்து வரும் பச்சை மண் வாடை எல்லாம் சேர்ந்து சாப்பிடும்போதுகூட மூக்கில் ஏறியது. ஊட்டிய கஞ்சியை அவர் அவள் முகத்தில் துப்பினார். "யாருடி நீ, என் வூட்டுல திருட வந்தவ," என்று மணிக்கட்டைக் கடித்தார். இரண்டு முறை வெளியே ஓடியதால், பழைய சேலைத் துண்டால் அவர் காலைக் கட்டிலோடு கட்டி வைத்திருந்தாள். போன வாரம் ஆத்திரம் தாங்காமல் தொடையில் கிள்ளிவிட்டாள். கிள்ளிய இடம் கன்றியதைப் பார்த்தபோது மனதுக்கு இதமாக இருந்தது. அந்த இதம் அவளைப் பயமுறுத்தியது.

பக்கத்து வீட்டுப் பச்சையம்மாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து தினமும் ஓதினாள். "ஒனக்குப் புள்ளையா குட்டியா? பெரம்பலூருக்கு ஒங்கண்ணன் வூட்டுக்குப் போயிச் சேரு மலரு. அவரு பெத்த மவ வந்து பாக்கட்டும்."

"முடியாதுக்கா. அன்னிக்கு அவரு நின்ன மாதிரி எனக்கு யாரும் நிக்கல."

அன்றைக்கு என்றால் ஆறு வருஷத்துக்கு முன்பு, இதே மார்கழியில். அவள் புருஷன் சாமிதுரை கடப்பாரையோடு பள்ளத்தில் இறங்கி, வெடிக்காமல் கிடந்த மருந்தின் மேல் குத்திவிட்டான். அன்று வெடி வைத்ததும் அவன் அப்பன்தான். விசாரணையில் அங்கமுத்து ஒரே பேச்சாகச் சொன்னார்: ஒன்பது வைத்தேன், ஒன்பதும் போனது, இது முன்னால் எவனோ விட்டுப்போன பழைய மருந்து. பெற்ற பிள்ளை விஷயத்தில் யார் பொய் சொல்வார்கள்? எல்லாரும் நம்பினார்கள். சாமிதுரையைச் சாக்கில் பொறுக்கி எடுத்துவந்து புதைத்தார்கள். இடது கை மட்டும் அகப்படவில்லை. சுண்டு விரலில் பாதி நகம் இல்லாத கை. மூன்று நாள் மலர்க்கொடி அந்தக் கல்லுக்குள் தேடினாள். மூன்றாம் நாள் அங்கமுத்து அவள் காலில் தலையை வைத்து, "நீ எனக்கு மருமவ இல்லம்மா, மவ," என்று அழுதார். அவளை வீட்டைவிட்டு அனுப்பச் சொன்ன சொந்தக்காரர்களைத் துரத்தினார். அந்த அழுகையை நம்பித்தான் அவள் இந்த நாற்றத்தில் கிடந்தாள்.

மறுநாளும் ஐந்தரைக்கு அவர் எண்ணினார். இந்த முறை அவள் பக்கத்தில் நின்று காதைக் கூர்மையாக்கினாள். காற்று ஓடும் சத்தம், கூரையில் ஏதோ பல்லி. அவ்வளவுதான். அவர் விரலை மடக்கினார். அந்த நேரம் பார்த்து, கட்டிலுக்கு அருகே வைத்திருந்த எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் நடுங்கி, விளிம்புக்கு ஒரு வளையம் ஓடியது. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் பார்த்துப் பழகிய நடுக்கம் அது. நிஜமாக வெடி போகும்போது தரை அதிர்ந்து வரும் நடுக்கம்.

அடுத்த விரல். அடுத்த வளையம்.

எட்டு வளையத்துக்குப் பிறகு தண்ணீர் கண்ணாடி போல நின்றது. இடது கையின் மோதிர விரலை அங்கமுத்து மடக்கவில்லை. அது விறைத்து நின்றது. ராத்திரி முழுக்க, தூக்கத்திலும், அப்படியே நின்றது. காலையில் கஞ்சி கொடுக்கும்போது அவள் அதை மடக்கிப் பார்த்தாள். விரல் கிணற்று உருளையின் இரும்பைப் போலச் சில்லிட்டிருந்தது, வளையவில்லை.

மூன்றாம் நாள் கட்டில் சட்டத்தில் வெள்ளையாக ஒரு தடம் இருந்தது. சுண்ணாம்புத் தூசி. நான்கு விரலும் ஒரு கட்டை விரலும் அழுந்திய தடம். கிழவர் கைகளைத் திருப்பிப் பார்த்தாள், சுத்தமாக இருந்தன. அவள் தன் உள்ளங்கையைத் தடத்தின் மேல் வைத்தாள். அவள் கையைவிடப் பெரிது. இடது கை.

ஈரத் துணியால் துடைத்தாள். திரும்பி வந்தபோது மறுபடி இருந்தது. இன்னும் கொஞ்சம் மேலே, அவர் கைக்குப் பக்கத்தில்.

அன்று சாயங்காலம் வெயில் சீக்கிரமே போய்விட்டது. டம்ளரில் எட்டு வளையம் ஓடி அடங்கியதும் அவளால் பொறுக்க முடியவில்லை. அந்த விரலை இரண்டு கையாலும் பிடித்து முறுக்கினாள். "மடக்குங்க மாமா. ஒம்பதுன்னு முடிங்க. உசுர வாங்காதீங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் பயம் இருந்தது, வேலைக்காரன் முதலாளியிடம் காட்டும் பயம்.

"மேஸ்திரி," என்றார். "எட்டுதான் கேட்டுச்சு."

அவள் பிடியை விடவில்லை.

"ஒம்பது குழி வெச்சேன். எட்டுதான் போச்சு. அரை மணி நேரம் நின்னா வெளியூரு ஆளுங்களுக்குக் கடைசி பஸ்சு போயிரும்னு பச்சைக் கொடியக் காட்டிட்டேன். நாளைக்குக் காத்தால வந்து நானே பாத்துக்கலாம்னு இருந்தேன்."

"அப்பறம்?" என்றாள்.

"எம்மவன் எறங்கிட்டான் மேஸ்திரி. கடப்பாரையத் தூக்கிக்கிட்டு. மேலேருந்து பாத்துக்கிட்டு நின்னேன்." அவர் எச்சிலை விழுங்கினார். "கூப்பிடலாம்னு வாயத் தொறந்தேன். கொடியக் காட்டுன பின்னாடி எப்படி இல்லைன்னு சொல்றது? வேல போயிருமே."

வெளியே பச்சையம்மாள் ஆட்டை அதட்டிக்கொண்டிருந்தாள். மலர்க்கொடி கட்டிலின் காலடியில் உட்கார்ந்தாள். தன் பாதத்தைப் பார்த்தாள். இந்தப் பாதத்தில்தான் அந்தத் தலை கிடந்தது. தெரிந்தே கிடந்தது. ஆறு வருஷம் சோறு போட்டிருக்கிறாள், இரண்டு வருஷம் பீ மூத்திரம் வாரியிருக்கிறாள். அவளுக்கு அழுகை வரவில்லை. வெறுப்பு வந்தது. அது உடம்பு முழுக்கப் பரவியது.

குனிந்து சேலைத் துண்டின் முடிச்சை அவிழ்த்தாள். கதவு மூலையில் சாத்தியிருந்த சாமிதுரையின் கடப்பாரையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"போயிப் பாத்துட்டு வாங்க மாமா."

அவர் வாசலில் நின்றார். "கொடி காட்டிட்டாங்களா?"

குவாரிப் பள்ளம் நடந்துபோகும் தூரம்தான். விளிம்பில் வேலி கிடையாது. நாற்பதடி ஆழம், அடியில் மழைத் தண்ணீர். அது அவளுக்குத் தெரியும்.

"காட்டியாச்சு," என்றாள்.

அவர் போனார். இரண்டு வருஷமாகத் தடுமாறிய கால்கள் தடுமாறவில்லை. அந்த முதுகு மங்கலுக்குள் மறையும் வரை பார்த்திருந்துவிட்டுக் கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டாள்.

கொஞ்ச நேரத்தில் கை தாழ்ப்பாளுக்குப் போனது. ஓடினால் பிடித்துவிடலாம். கூப்பிட்டால் பச்சையம்மாள் வருவாள், தெருவே வரும். கை தாழ்ப்பாளின் மேல் இருந்தது. அவள் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

அப்போது டம்ளர் அதிர்ந்தது.

ஒன்று. இரண்டு. அவள் எண்ண விரும்பவில்லை. விரல்கள் மடங்கின. ஐந்து. ஆறு. அடுக்கில் பாத்திரங்கள் ஒன்றோடொன்று கிணுகிணுத்தன. ஏழு. எட்டு.

நின்றது.

ஒன்பதாவது முடிந்துபோன கதை. ஆறு வருஷத்துக்கு முன்பே சாமிதுரையைத் தின்றுவிட்டுப் போனது. இனி அது வராது. வரக் கூடாது.

வந்தது.

சத்தத்தோடு வந்தது. காது அடைத்தது. ஓடுகள் சரிந்தன, அடுக்கிலிருந்து பாத்திரம் கொட்டியது, கூரையிலிருந்து வெள்ளைத் தூசி இறங்கி அவள் தலையிலும் தோளிலும் படிந்தது. வாயில் சுண்ணாம்பு கரித்தது. வெடிமருந்தின் காந்தல் நெடி.

யாரும் கத்தவில்லை. தெருவில் ஒரு கதவும் திறக்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் பச்சையம்மாள் இன்னும் அதே ஆட்டை அதே குரலில் அதட்டிக்கொண்டிருந்தாள்.

பிறகு காலடி. வெறுங்கால். மெதுவாக.

வாசலில் நின்றது.

"மலரு."

இரண்டு வருஷமாக அந்த வாய் சொல்லாத பெயர். குரல் தெளிவாக இருந்தது.

"ஒம்பதும் போயிருச்சு மலரு. தொறம்மா."

அவள் திறக்கவில்லை. ஜன்னலுக்கு நகர்ந்தாள். கம்பி வழியாகப் பார்த்தாள்.

அங்கமுத்து நின்றுகொண்டிருந்தார். தலைமுதல் கால்வரை வெள்ளை. இமையிலும் வெள்ளை. வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டியது. முகத்தில் பெரிய நிம்மதி. இடது கையைக் கொஞ்சம் முன்னால் நீட்டியிருந்தார். அந்த மோதிர விரல் தெரியவில்லை.

அதை ஒரு கை பிடித்திருந்தது.

சந்தையில் தொலைந்துபோகாமலிருக்கக் குழந்தையின் விரலைப் பிடிப்பார்களே, அந்தப் பிடி. வெள்ளைக் கை. சுண்டு விரலில் பாதி நகம் இல்லை. மணிக்கட்டு வரை இருந்தது. அதற்கப்புறம் ஒன்றுமில்லை. மங்கல்.

கை பிடியை விட்டது. கிழவரின் விரல் மடங்கியது.

அந்த வெள்ளைக் கை ஜன்னலுக்கு வந்தது. கம்பியைத் தொட்டது. தூசி உதிர்ந்தது. அவள் முகத்துக்கு நேரே விரிந்தது, ஐந்து விரலும்.

பிறகு கட்டை விரலை மடக்கியது.

அவளுக்குப் பின்னால், டம்ளரில் தண்ணீர் அதிர்ந்தது.