படிக்காமல் அமுக்கிய 'சரி'

பங்குதாரர் அசையவில்லை!

எம்.டி. தன் கையிலிருந்த வெண்கலக் கேடயத்தைப் பார்த்தார். 'சிறந்த கூட்டு நிறுவனம்' என்ற எழுத்துகளின் மேல் ரத்தம்...

"தனிக் கம்பெனி ஆரம்பிக்கப் போறியா? போ... மேல போய் ஆரம்பி!"

மத்தியானச் சாப்பாட்டு நேரம். ஆபீசில் ஈ காக்கை இல்லை.

நிமிர்ந்தார்.

கதவுக்கு மேலே... கேமரா!

பதிவுக் கம்ப்யூட்டர் இருந்த அறைக்கு ஓடினார். திரையில் சிவப்பாக ஏதோ அறிவிப்பு. படிப்பாரா என்ன? இருபது வருஷமாக எதையும் படிக்காமல் கையெழுத்துப் போட்டே பெரிய மனிதர் ஆனவராயிற்றே! 'சரி'யை அமுக்கித் தள்ளிவிட்டு, கம்ப்யூட்டர் மெக்கானிக்குக்கு போன் போட்டார்.

"யோவ், கேமரா பதிவையெல்லாம் எப்படி அழிக்கிறது?"

"அதைத்தான் சார் நாலு நாளா மெயில்ல சொல்றேன். டிஸ்க் நிறைஞ்சு போய்..."

"உன் புராணத்தை யார் கேட்டா? வழியை மட்டும் சொல்லு!"

சொன்னான். காரணம்கூடக் கேட்காத மடப்பயல் என்று எம்.டி. மனதுக்குள் இளித்தார்.

ஆறு மாதப் பதிவு மொத்தமும் காலி!

திரையில் மறுபடி ஒரு கேள்வி. மறுபடி 'சரி'.

பதிவை அழித்தால் கேமராவும் செத்துப்போகும் என்று அந்த மேதைக்கு நினைப்பு! திரும்பி வந்து நிதானமாகக் கேடயத்தைத் துடைத்தார். பிணத்தைக் காலைப் பிடித்து இழுத்துப் போய் மாடிப்படியின் அடியில் கிடத்தினார். அலறுவதற்கு முன் தொண்டையைக்கூடக் கனைத்துக்கொண்டார்.

"ஐயோ... கால் தடுக்கி விழுந்துட்டாரே!"

மூன்று மணிக்கு அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் பெண் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மெக்கானிக்.

எம்.டி. உதட்டைச் சுழித்தார். "அதுல ஒண்ணும் இருக்காது மேடம். இந்த ஆள் வெச்ச மெஷின் எப்பவுமே தகராறு."

"இருக்கே! ஒண்ணு பத்துலேர்ந்து இருக்கு."

திரையில் ஒருவர் பிணத்தைத் தரதரவென்று இழுத்துக்கொண்டிருந்தார். படு தெளிவு... வழுக்கைகூட மின்னியது!

"எல்லாத்தையும் அழிச்சேனே!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மெக்கானிக் அவரை ஏற இறங்கப் பார்த்தான்.

"அதனாலதான் சார் மாட்டினீங்க. டிஸ்க்ல இடமில்லாம கேமரா நாலு நாளா எதையும் பதியலை. நீங்க அவரை அடிச்சதையும் பதியலை! நீங்க அழிச்சு இடம் பண்ணதும், 'மறுபடி பதியலாமா'ன்னு கேட்டிருக்கும். சரின்னு அமுக்கியிருக்கீங்க."

சும்மா இருந்திருந்தாலே எம்.டி. தப்பித்திருப்பார்!

இன்ஸ்பெக்டர் கைதுத் தாளை நீட்டினார்.

"கையெழுத்துப் போடுங்க சார். அவசரமே இல்லை... இதையாவது படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க!"