நான்காவது பெட்டி

பெருமாள்சாமி வைத்தது மூன்று பெட்டி. மூன்று நாளாகப் பேசுவது நான்கு.

2004-ல் ஜீவனஹள்ளியின் அந்த மூன்று பிளாக் குடியிருப்புக்குச் சேலத்திலிருந்து வந்த மூளை அவன். மொட்டைமாடித் தொட்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு ரேடியோ பெட்டி வைத்தான். தலைமைப் பெட்டி கிடையாது. நம் படிக்கட்டு அரட்டையைப் போல, ஒவ்வொன்றும் பக்கத்துப் பெட்டியை விசாரித்தே முடிவெடுக்கும். தண்ணீர் குறைந்த தொட்டிக்கு மற்றவை வால்வைத் திறந்துவிடும். எல்லா மட்டமும் சமமாகும்வரை வீட்டுக் குழாய் திறக்காது. புதிதாக எது பேசினாலும் யாரென்று கேட்காமல் சேர்த்துக்கொள்ளும்படி எழுதியிருந்தான். பெரிய மனசு.

நான்காவது, தன் தொட்டி காலி என்றது. மூன்றும் திறந்துவிட்டன. வீடுகளில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

"என்ன பெருமாளு, உன் டப்பாங்க பஞ்சாயத்து இன்னும் முடியலயா?" சங்கச் செயலாளர் சந்திரம்மா காலிக் குடத்தோடு நின்றாள்.

"கூட ஒண்ணு சேர்ந்திருக்குக்கா. எங்கேன்னு தெரியல."

"மத்தியானத்துக்குள்ள தண்ணி வரணும். இல்லன்னா சங்கம் குடுத்த ரூமைக் காலி பண்ணு. பழைய வால்வ்மேனையே கூப்பிட்டுக்கறேன்."

மூன்றையும் அணைத்துப் போட்டுப் பார்த்தாயிற்று. திரும்ப வந்தபோது நான்காவது அவற்றுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தது. தூக்கமில்லாத கண்களோடு, கைக்கருவியில் சிக்னலைப் பார்த்தபடி அவன் படிகளில் இறங்கினான்; பாசி நாற்றம் அடிக்கும் நிலத்தடித் தொட்டியான சம்ப்பையும், பம்ப்பின் சூடான எண்ணெய் வாசனையையும், எங்கோ தொடர்ந்து ஒழுகும் சத்தத்தையும் தாண்டத் தாண்டக் கோடுகள் கூடின. ஐந்து கோடும் நிறைந்தது அவனுடைய அறையில்.

சந்திரம்மாவின் வசவு கேட்காமலிருக்கக் கதவைச் சாத்தினான். கட்டிலடியில் குனிந்து தடவினான். ஒன்றுமில்லை. தரை காய்ந்திருந்தது. கணுக்காலில் மட்டும் குளிர்.

கருவி: நான்காவது, நீர்மட்டம் இரண்டடி.

குளிர் முழங்காலைத் தாண்டியது. கதவை இழுத்தான். உள்பக்கம் திறக்கும் கதவு. எதுவோ அழுத்திப் பிடித்திருந்தது.

கட்டிலடியிலிருந்து அவன் செருப்புகள் எழுந்தன. மெல்ல. ஆடியபடி. இடுப்பு உயரம். மார்பு. மூன்றரை அடி. நான்கு. தரை காய்ந்தே இருந்தது.

பெருமாள்சாமி ஐந்தடி ஆள்.

கத்தினான். வாயிலிருந்து குமிழிகள் போயின.

கருவியில் நான்கு எண்ணும் ஒன்றாயின. ஐந்தேகால். வெளியே குழாய் கொரகொரத்தது.

"வந்துடுச்சுப்பா," சந்திரம்மா கதவைத் தட்டினாள். "ரூமை நீயே வச்சுக்கோ."

செருப்புகள் அவன் தலைக்கு மேலே, ஒன்றையொன்று மெதுவாக இடித்துக்கொண்டிருந்தன.