வெறுங்கை

மக்காச்சோளக் காட்டின் நடுவிலிருந்த ஓட்டு வீட்டுக்கு அவளும் நாத்தனாரும் வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கதவைத் திறந்ததும் அடைபட்ட காற்றும் பழஞ்சாக்கு வாடையும் முகத்தில் அடித்தன. நாத்தனார்தான் விளக்கைப் போட்டாள்.

கதவுக்குப் பின்னால், ஆணியில், அவள் கணவனின் சட்டை.

"அண்ணி, இதை இன்னும் துவைக்கலையா?"

"மனசு வரல."

பயிரைத் தின்னும் படைப்புழு எப்போது இறங்கும் என்று முன்கூட்டியே அறிய, வயலெங்கும் அந்துப்பூச்சிப் பொறி வைப்பதுதான் அவள் கணவனின் வேலை. பொறிக்குள் ஒரு ரப்பர் வில்லை. அதில் பெண்பூச்சியின் வாசனை. நம் மூக்குக்கு எட்டாது. ஆண்பூச்சிகள் காடு தாண்டி வரும். வில்லையைக் கையுறை போட்டுத்தான் தொட வேண்டும். அவன் கேட்டால்தானே! அந்தியில் அவன் வீடு திரும்பும்போது சாம்பல் நிறப் பூச்சிகள் பின்னாலேயே வந்து விரல்களில் உட்காரும்.

"இதுல எந்த மாப்பிள்ளைக்கு உங்களைக் கட்டிக்கொடுக்கறது?" என்பாள் அவள்.

"உன்னைவிட நல்லா சமைக்கறவனாப் பாரு."

போன பருவத்தில் பொறிக் கம்பத்தைப் பிடித்தபடியே சரிந்தான். நெஞ்சு நின்றுவிட்டது. அவள் ஓடிப் போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. கடைசியாக அவன் கையைப் பிடிக்கக்கூட இல்லை. அந்த ஒன்றுதான் அவளை உள்ளே அரித்துக்கொண்டிருந்தது.

இந்தப் பருவம் அந்த வேலை அவளுக்கே வந்தது. புது வில்லைகள் உறை பிரிக்காமல் பெட்டியில் கிடந்தன.

நாத்தனார் சட்டையை எடுத்துப்போய்ச் சோப்புப் போட்டுக் கசக்கி, கொல்லைக் கொடியில் உலர்த்தினாள். "எத்தனை நாள் அண்ணி இப்படி? அண்ணன் போய்ச் சேரட்டும்."

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அழுதாள். அவனுடைய கடைசி வாசனையும் போயிற்று.

வெளியே சோளத் தோகைகள் உரசின. காற்று இல்லை.

வாசலில் பூச்சிகள் வந்தன.

விளக்கை நாடவில்லை. ஓர் ஆளின் கை தொங்கும் உயரத்தில், ஒரு சிறு கொத்தாக.

"அண்ணி..." நாத்தனார் சுவரோரம் ஒதுங்கினாள். "விளக்கு இந்தப் பக்கம்ல இருக்கு..."

கொத்து அசைந்தது. நின்றது. மறுபடி அசைந்தது, நடை தளர்ந்த ஒருவன் வருவதுபோல.

கட்டிலருகே வந்து நின்றது.

அவள் வலக்கையை நீட்டினாள்.

சில்லென்று ஏதோ பட்டது. பூச்சிகள் ஒவ்வொன்றாக அவள் புறங்கையில் இறங்கின. நாலு வரிசை. பெருவிரல் அழுந்தும் இடத்தில் இன்னொன்று.

"வந்துட்டேங்க," என்றாள், மூச்சுக்குள்.

மறுநாள் அந்தியில் கையுறை மாட்டிக்கொண்டு வில்லைகளைப் பொருத்தினாள். விதி சொன்னபடி, எதையும் வெறுங்கையால் தொடவில்லை.

சோளத்துக்குள்ளிருந்து பூச்சிகள் கிளம்பி வந்தன. பொறியைச் சுற்றிவிட்டு விலகின.

அவளுடைய வலக்கையுறையின் மேல், அதே நாலு வரிசையில், ஒவ்வொன்றாக உட்கார்ந்தன.