பிலோமினா எடுத்த மூன்று மூச்சு

கருவாமுனை மாதா கோயிலின் மணி கடலுக்குள் போய் அறுபது வருடங்கள் ஆகியிருந்தன. மணியைப் பழுதுபார்க்க எடுத்துச் சென்ற வள்ளம் புயலில் கவிழ்ந்தது. ஆட்கள் நீந்திக் கரை சேர்ந்தார்கள், மணி சேரவில்லை. அது கிடக்கும் இடத்தைப் போன மாதம்தான் பிலோமினா கண்டுபிடித்தாள். கடல்பாசி பறிக்க மூழ்கியவள், பாறைத்திட்டின் வெளிப்பக்கத்தில், நான்கு ஆள் ஆழத்தில், பச்சை படிந்த வெண்கல விளிம்பு ஒன்று மணலுக்கு வெளியே தெரிவதைப் பார்த்தாள்.

அதை எடுத்துவர ஊர்க்காரர்கள் மதுரையிலிருந்து இளவழகனை வரவழைத்தார்கள். கல்லூரியில் நீச்சல் பயிற்சியாளன், வயது இருபத்தொன்பது, மாநிலப் போட்டிகளில் மூன்று பதக்கம் வாங்கியவன். கரையில் அவன் சட்டையைக் கழற்றியதும் அந்தத் தோள்களைப் பார்க்க ஊரே நெருங்கி வந்தது.

வழிகாட்ட வரப்போகிறவள் பிலோமினா என்றதும் அவனுக்குச் சற்றுத் தயக்கம். நாற்பத்தொரு வயது, குட்டை உருவம், பருத்த இடுப்பு, புடவைக்கு மேல் கணவனின் பழைய சட்டை. காலையிலிருந்து நான்கு மணி நேரம் பாசி பறித்துவிட்டு அப்போதுதான் கரையேறியிருந்தாள். களைப்பாக இருந்தால் இடத்தைக் காட்டிவிட்டுப் படகிலேயே இருக்கட்டும் என்று அவன் நல்ல மனதோடுதான் சொன்னான். அவள் தூக்குச்சட்டியிலிருந்த கஞ்சியைக் குடித்து முடித்துவிட்டுப் படகில் ஏறினாள்.

படகை ஓட்டியவர் அவளுடைய கணவர் பிலவேந்திரன். மதியம் ஒரு மணிக்கு மேல் நீரோட்டம் திசை மாறிவிடும், அதற்குள் வேலையை முடித்தாக வேண்டும் என்று அவர் எச்சரித்தார்.

திட்டின் அருகே நங்கூரம் போட்டார்கள். மணி இருந்தது! பாதி மணலுக்குள் புதைந்து, மேலே யாரோ எப்போதோ விட்டுப்போன கிழிந்த வலை சுற்றிக் கிடந்தது. இருவரும் மாறி மாறி மூழ்கி மணலைத் தோண்டினார்கள். இளவழகன் ஒவ்வொரு முறையும் ஒன்றரை நிமிடம் உள்ளே இருந்தான். பிலோமினா அதில் பாதி நேரம்கூட இருக்கவில்லை. மேலே வந்து, படகின் விளிம்பைப் பிடித்து அசையாமல் கிடந்து, மறுபடி போனாள். ஏன் இவ்வளவு சீக்கிரம் வந்துவிடுகிறீர்கள் என்று அவன் கேட்டான்.

"மூச்சு தீர்றதுக்கு முந்தி மேல வந்துரணும் தம்பி. வர்ற வழியில ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா அதுக்கும் கொஞ்சம் வேணும்ல."

ஒன்பதாவது முழுக்கில் இளவழகன் படகிலிருந்த கயிற்றின் நுனியை மணியின் காது வளையத்தில் கோத்து முடிச்சுப் போட்டான். மூச்சின் கடைசிச் சொட்டையும் அதற்கே செலவழித்துவிட்டு மேலே உதைத்தான். அந்த நேரத்தில்தான் நீரோட்டம் திரும்பியது. மணலில் படுத்திருந்த வலை மெல்ல எழுந்து அவன் கணுக்காலைச் சுற்றிக்கொண்டது.

மேலே குமிழிகள் மொத்தமாக வெடித்ததைப் பிலோமினா பார்த்தாள். அவளும் அப்போதுதான் ஒரு முழுக்கு முடித்து வந்திருந்தாள். பிலவேந்திரன் பதறிப்போய்க் கத்தியை நீட்டினார். வாங்கிக்கொண்ட அவள் உடனே பாயவில்லை. ஒரு மூச்சு. இரண்டு. மூன்று. பிறகு தலைகீழாக இறங்கினாள்.

கீழே இளவழகன் கண்மூடித்தனமாகத் திமிறிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் அவளுடைய இடது கையைப் பற்றிக்கொண்டான். அவள் உதறவில்லை. அந்தக் கையை அவனிடமே விட்டுவிட்டு, வலது கையால் இழை இழையாக வலையை அறுத்தாள். கடைசி இழை அறுந்ததும் அவன் இடுப்பைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு மேலே வந்தாள்.

நீரோட்டம் அவர்களைப் படகிலிருந்து வெகுதூரம் அடித்துப் போயிருந்தது. அவன் மல்லாந்து இருமிக்கொண்டிருந்தான். கை கால்கள் துவண்டுவிட்டன. பிலோமினா ஓட்டத்தோடு மல்லுக்கட்டாமல், அவனைத் தோளில் சாய்த்துக்கொண்டு குறுக்காக நீந்தித் திட்டில் கால் ஊன்றினாள். பிலவேந்திரன் மணிக் கயிற்றை ஒரு மிதவையில் கட்டிவிட்டு, நங்கூரத்தை எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

படகில் விழுந்து கிடந்த இளவழகன், பயிற்சியாளனின் பழக்கத்தில் தன் நாடியைத் தொட்டுப் பார்த்தான். எண்ண முடியாத வேகம். சற்றுப் பொறுத்துப் பிலோமினாவின் மணிக்கட்டைக் கேட்டு வாங்கினான். நிதானமாகத் துடித்தது. அவள் அதற்குள் கணவரிடம் மிதவை எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, மணி வேணாம். கரைக்குப் போயிருவோம்."

"கயித்து முடிச்ச நீ நல்லா போட்டிருக்க தம்பி. இழுக்கிறதுதான் பாக்கி. நீ படுத்துக்க."

அவன் படுக்கவில்லை. எழுந்து அவள் பின்னால் நின்று கயிற்றைப் பிடித்தான். மூவரும் சேர்ந்து இழுக்க, சிப்பிகள் ஒட்டிய மணி தண்ணீர் வடிய மேலே வந்தது.

கரையில் ஆரவாரம். இளைஞர்கள் இளவழகனைத் தோளில் தூக்கினார்கள். அவன் இறங்கிக்கொண்டு, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான். தன் காலில் வலை மாட்டியதையும், பயத்தில் அவள் கையைப் பிடித்துத் தொங்கியதையும்கூட மறைக்கவில்லை.

"உடம்ப எப்படி வச்சிருக்கணும்னு நான் அஞ்சு வருஷமாப் பாடம் எடுக்கறேன்," என்றான். "தன் வேலைய முழுசா முடிச்சிட்டு, அதுக்கப்புறம் இன்னொரு ஆளையும் தூக்கிட்டு வர்ற உடம்ப இன்னிக்குத்தான் பாத்தேன்."

ஞாயிற்றுக்கிழமை மணியைக் கோபுரத்தில் ஏற்றினார்கள். கயிற்றை முதலில் இழுக்கப் பிலோமினாவைக் கூப்பிட்டார்கள். அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, கூச்சத்தோடு முன்னால் வந்து, இரண்டு கைகளாலும் இழுத்தாள். அந்த ஓசை மணலையும் அலையையும் தாண்டிப் போனது. தொலைவில் நின்ற படகுகள் ஒவ்வொன்றாகக் கரையை நோக்கித் திரும்பின.